கண்டிப்பு என்கிற கைவைத்தியம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரி வட்டாரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “நாமக்கல்லு ஹாஸ்டல்ல போட்டாத்தானுங்க இவன் வழிக்கு வருவான்.”

யார் இந்த ‘இவன்’? மார்க் குறைந்தவன் மட்டும் என்றில்லை. வகுப்பில் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியாதவன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவன். எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்துவிட்டு, பிறகு வீட்டில் யாரோடும் பேசாமல், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறவன். ஸ்கூல் பஸ் ஹாரன் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பெண்பிள்ளையும் இந்தக் கணக்கில் உண்டு. நான்கு பேருக்கும் நான்கு விதமான சிக்கல். ஊர் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு மட்டும் ஒன்றேதான்.

சின்னப் பிள்ளைக்கு மனநோய் எங்கே வரும், அப்படித் தெரிவதெல்லாம் திமிர், சோம்பல், செல்லம், செல்போன், கண்டிப்பான இடத்தில் விட்டால் எல்லாம் ஓடிப்போகும் என்பதுதான் இந்த மருந்துச்சீட்டுக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை. தறி ஓட்டுகிற அப்பாவும் இதைத்தான் சொல்கிறார், கார் வைத்திருக்கிற அப்பாவும் இதைத்தான் சொல்கிறார். ஏழை, பணக்காரர், சாதி, கட்சி என்று எதிலும் ஒத்துப்போகாத ஊர் இந்த ஒன்றில் ஒத்துப்போகிறது. ஊரே நம்புகிறது என்பதற்காக இது உண்மையாகிவிடாது. அடி முதல் நுனி வரை தவறு.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பறையில் மூன்று, நான்கு பிள்ளைகள். ‘எல்லாம் இந்த செல்போன் வந்த பிறகுதான்’ என்று உடனே பதில் வரும். அப்படிச் சொல்கிறவர்கள் இங்கிலாந்தின் வைட் தீவு வரை ஒருமுறை போய்வர வேண்டும். 1960களின் நடுவில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு அந்தத் தீவின் 10, 11 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோதும் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு பேருக்குக் கோளாறு இருந்தது. செல்போன் இல்லை, நீட் இல்லை, அமைதியான தீவு. அதே பிள்ளைகள் 14 வயதைத் தொட்டபோது மறுபடி போய், இந்த முறை அவர்களையே உட்காரவைத்துக் கேட்டார்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாமலே பலர் உள்ளுக்குள் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ‘எம் பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?’ என்று கேட்கிற எல்லோருக்கும் அந்த ஆய்வு அப்போதே பதில் சொல்லிவிட்டது.

பிள்ளையின் மனச்சோர்வு பெரியவர்களின் மனச்சோர்வைப் போல இருக்காது. அது மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிடுசிடுப்பும் கோபமுமாகவே அது வெளிப்படலாம் என்று மருத்துவக் கையேடுகளே சொல்கின்றன. நம் வீடுகளில் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வாய்க்கொழுப்பு’. பதற்றக் கோளாறு வயிற்றுவலியாக, தலைவலியாக, வாந்தியாக வரும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ‘ஒண்ணுமில்ல, நடிக்கிறா’ என்று தீர்ப்பாகிவிடும். அந்தப் பிள்ளைக்கு வலிப்பது நிஜம். ஞாயிற்றுக்கிழமை வராத வலி திங்கட்கிழமை காலையில் வருகிறது என்றால், நடிப்பு என்று முடிவு கட்டாமல் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பதுதானே முறை?

பிள்ளையை ஓரிடத்தில் உட்காரவிடாத, கவனம் நிலைக்கவிடாத ஏடிஎச்டி விஷயம் இன்னும் மோசம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டுகின்றன. அதாவது அந்தப் பையன் அந்தச் சுபாவத்தைப் பெரும்பாலும் தன் குடும்பத்திலிருந்தே வாங்கியிருக்கிறான். அடிக்கிற அப்பாவே சின்ன வயதில் அப்படி இருந்தவராக இருக்கலாம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அறிவில் குறைவில்லை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிரமம். கிட்டப்பார்வை உள்ளவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, போர்டு தெரியவில்லை என்றதற்குப் பிரம்பால் அடித்தால் பார்வை வந்துவிடுமா?

‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். அடித்துப் படிந்த பிள்ளைகளின் கணக்கு எப்படி இருக்கிறது? ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை அமெரிக்காவின் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் 2016இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததும் காயம்படுகிற அடி இல்லை, வெறும் கையால் தட்டுவதைத்தான். அதற்கே, அடிவாங்கும் பிள்ளைகளிடம் எதிர்த்து நிற்பதும் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாக இருந்தன. படிந்ததாகத் தெரியவில்லை.

பின்னே எப்படி ‘ஹாஸ்டல் போய் திருந்திட்டான்’ என்று இத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பயந்த பிள்ளை வாய் திறக்காது. மனம் சோர்ந்த பிள்ளை சண்டை போடாது, எதையும் கேட்காது, கொடுத்ததைச் சாப்பிட்டுச் சொன்ன இடத்தில் உட்காரும். வார்டன் கண்ணுக்கு இதைவிட நல்ல மாணவன் கிடையாது. பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து ‘எவ்ளோ அமைதியாயிட்டான்’ என்று சொந்தக்காரர்களும் மெச்சுகிறார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறியை ஊர் நற்சான்றிதழாக வாசிக்கிறது. இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம் மாறாத பையன் முப்பது பேரோடு ஒரே ஹாலில் படுப்பதை யோசித்துப் பாருங்கள். அதுவும் குடும்பவழியாக வருகிற, மருத்துவத்தில் தீர்வு உள்ள சிக்கல்தான். ஆனால் அவன் அதை யாரிடம் சொல்வான்?

இந்த ஹாஸ்டல் பள்ளிகளின் நெடுஞ்சாலைப் பேனர்களில் மார்க்கோடு சிரிக்கும் முகங்கள் இருக்கும். பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்குப் பேனர் கிடையாது. ‘பிராய்லர் பள்ளி’ என்று தமிழ்நாடே கேலி பேசிய முறையை அரசும் கவனிக்காமல் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைப்பதைத் தடுக்க, 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது; மாநில ரேங்க் அறிவிப்பும் அதே ஆண்டு நின்றது. நீட் உள்ளே வந்ததும் அதே 2017தான். பழைய ஓட்டம் புதிய பெயரில் தொடர்ந்தது.

பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இரண்டு ஷிப்ட் தறி ஓட்டுகிற வீட்டிலும், லாரியில் போனால் மாதக்கணக்கில் திரும்பாத அப்பாவின் வீட்டிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தச் சமவெளியில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அந்த ஹாஸ்டல்களிலிருந்துதான் வந்தார். ஹாஸ்டல் படிப்புக்கு உதவலாம். நோய்க்கு மருந்து என்று அதை விற்பதும் வாங்குவதும்தான் மோசடி.

மருந்து வேறு இடத்தில் இருக்கிறது, தூரத்திலும் இல்லை. ஓமலூரிலிருந்து டவுன் பஸ் ஏறினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவில் காட்டக் காசு வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. பொதுத்தேர்வில் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஹாஸ்டலில் ஒரு தவணைக்குக் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு பஸ் செலவுக்குப் போதும்.

பிள்ளையை இறுக்குவதைவிட ஏற்பாட்டை மாற்றுவது பலன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தோற்ற மாணவர்களின் தற்கொலைகளைப் பார்த்துத்தான், ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே எழுதும் துணைத்தேர்வுக்காக வாதாடினார். துணைத்தேர்வு வந்தது. அதன் பிறகு அந்த மரணங்கள் குறைந்தன. யாரும் பிள்ளைகளிடம் ‘தைரியமாக இரு’ என்று உபதேசம் செய்து அது நடக்கவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை விதித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்து வகுப்பு பிரிப்பதையும் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதையும் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். டெலிமானஸ் எண்ணை ஹாஸ்டலில் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் லேப், மெஸ், ஏசி வகுப்பறை எல்லாம் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த எண் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆலோசகர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று ஆபீஸ் ரூமில் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.