கண்மாய் உடைந்தால் 'பிரீச்'

"ஹிண்டு பேப்பர் படி, எடிட்டோரியலை மட்டும் விட்டுடாதே." இங்கிலீஷ் வரவில்லை என்று யாரிடம் போய் நின்றாலும் நம் பக்கம் கிடைக்கிற பதில் இதுதான். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் சொல்வார்கள், கல்லூரிக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்களும் சொல்வார்கள். பேப்பர் படி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எடிட்டோரியலில் இருந்து தொடங்கு என்பதில்தான் சண்டை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் பழக்குவார்கள் என்பது தெரிந்ததே :) ஆனால் முதுகில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத்தான் தள்ளுவார்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனை எடிட்டோரியலில் தள்ளுகிறவர்கள் அந்தக் குடுக்கையை மறந்துவிடுகிறார்கள்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2006-ல் கணக்கிட்டார். அடுத்தவர் உதவியில்லாமல் ஒரு இங்கிலீஷ் செய்தித்தாளையோ நாவலையோ படிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 8,000 முதல் 9,000 சொல் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் 100 சொல்லில் 98 தெரிந்ததாக இருக்கும், மீதி இரண்டை ஊகித்துக்கொள்ளலாம். அதில் பாதிகூட இல்லாதவன் எடிட்டோரியலைத் திறந்தால் வரிக்கு வரி தடுக்கும். தெரியாத விஷயத்தைத் தெரியாத சொற்களில் சொன்னால் எதைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பது? நாலு நாளில் பேப்பர் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும்.

ஆகவே நான் சொல்வது, மாவட்டச் செய்திப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். காலையில் டீக்கடையில் தந்தியில் படித்த அதே சேதியை இங்கிலீஷில் தேடிப் படியுங்கள். சேதி முன்பே தெரியும், சொல் மட்டும்தான் புதுசு. அதுதான் சுரைக்குடுக்கை.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும்? நம் பிழைப்புதான் இருக்கும். கண்மாய் அங்கே 'டேங்க்' (மொட்டைமாடி டேங்க் இல்லை). மடை 'ஸ்லூஸ்', மானாவாரி 'ரெயின்ஃபெட்', தூர் வாருவது 'டீசில்டிங்'. ஆக்கிரமிப்புக்கு 'என்குரோச்மென்ட்'. விதைக்காமல் போட்ட தரிசு 'ஃபேலோ', பின்தொடர்கிற ஃபாலோ வேறு. ஆயக்கட்டைக்கூட 'ஆயகட்' என்று நம் தென்னாட்டுச் சொல்லாகவே எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பொருள் நம் வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது.

இது வெறும் விவசாய இங்கிலீஷ்தானே, இண்டர்வியூவுக்கு எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை. கண்மாய்க் கரை உடைந்தால் அது 'பிரீச்'. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள், ஒப்பந்தத்தை மீறினால் 'பிரீச்', கம்ப்யூட்டரில் இருந்து தகவல் கசிந்தால் 'டேட்டா பிரீச்'. கரை உடைந்து தண்ணீர் போவதைப் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மகசூல் 'யீல்டு'. வணிகப் பக்கத்தில் கடன் பத்திரத்துக்கும் அதே 'யீல்டு'. அறுப்பு முடிந்த காட்டில் சிந்திய கதிரைப் பொறுக்குவதற்கு 'கிளீன்' என்று ஒரு சொல் உண்டு (ஜி-யில் தொடங்குவது, துடைக்கிற க்ளீன் அல்ல). பல இடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் திரட்டினாலும் அதே சொல்தான். 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்து நிலவரியைத் தள்ளுபடி செய்ததே, அந்தத் தள்ளுபடி 'வெய்வர்'. கடன் தள்ளுபடி, அபராதத் தள்ளுபடி என்று அது எங்கெங்கோ தலைகாட்டும்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்கு 'ஷட்டில்' என்று பெயர். போய்ப் போய்த் திரும்புகிற ரயிலுக்கும், விண்ணுக்குப் போய்த் திரும்பிய ஓடத்துக்கும், இரு நாடுகளுக்கும் மாறி மாறிப் பறந்து சமரசம் பேசுகிற ராஜதந்திரத்துக்கும் அதே பெயர் வந்தது இதனால்தான். ஆனால் ஒரு பள்ளமும் உண்டு. தறி 'லூம்', ஆபத்து சூழ்ந்து வருவதற்கும் 'லூம்' என்றுதான் எழுதுவார்கள். இரண்டுக்கும் உறவில்லை, எழுத்து மட்டும் ஒன்று.

வாட்ஸப்பில் தினமும் வருகிற "இன்றைய 20 சொற்கள்" பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். கரையில்லாத இடத்தில் உடைப்பு மட்டும் தனியாக நிற்கும். மறுநாள் அடுத்த 20 வந்து அதை அடித்துக்கொண்டு போய்விடும். 2017-ல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபாராகோ' என்று எழுதியதும் நாடே அகராதியைத் திறந்தது. அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை முறை பயன்படுத்தினோம்?

இப்போதுதான் ஆரம்பிக்கிறேனே, தாமதமாகிவிட்டதே என்பவர்களுக்கு: காந்தி இந்தியாவில் இருந்தவரை செய்தித்தாளே படித்ததில்லையாம். 1888-ல் லண்டன் போன பிறகுதான் பழகினார். தினம் மூன்று பேப்பரை மேய்வார், ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

படிப்பது மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு ஆள், பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அச்சகத்தில் வேலை பார்த்த சிறுவயதில், லண்டனில் முன்பு வந்துகொண்டிருந்த 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் கட்டுரைகளை எடுத்து வரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்பை வைத்தே முழுக் கட்டுரையையும் தன் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பார். பிறகு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். தெரிந்த சொல்கூடத் தேவையான நேரத்தில் கைக்கு வரவில்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாராம். நமக்கும் அதே வியாதிதானே! படிக்கும்போது புரிகிறது, பேச வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது.

ஒரு கட்டுரை முழுக்க வேண்டாம், மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் சேதி போதும். திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் தண்ணீர் வந்ததாகவோ, வராததாகவோ ஒரு சேதி. திங்கட்கிழமை படித்துக் குறிப்பெடுங்கள், வியாழக்கிழமை பேப்பரை மூடிவைத்து எழுதுங்கள். எடிட்டோரியல் எங்கேயும் ஓடிவிடாது, ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.