நீல வண்ணத்துக்கு அடியில்

பழைய கம்ப்ரஸருக்குப் புது வண்ணம் அடித்து விற்பதைப்போல எரிச்சலூட்டும் வியாபாரப் பழக்கம் வேறில்லை. இந்த வாரம் பினாங்கின் பிறை பக்கம் ஒரு கிடங்கில் சில கம்ப்ரஸர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே நீலம். ஓடுமா என்றால் ஓடும். எத்தனை வருடப் பழசு என்றால் தெரியாது. எங்கிருந்து வந்தது என்றால் ஏதோ தொழிற்சாலையிலிருந்து. ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் எழுதித் தருவார்களாம். அந்த நீலம் காற்றுக்கலனின் பெயர்ப்பலகை மேலும் ஏறி, எழுத்துகளை மூடியிருந்தது. அழுத்தத்தில் இயங்கும் கலனில் அந்தப் பலகையை மறைப்பது மற்ற எல்லா மறைப்புகளையும்விட மோசமானது.

பினாங்கில் பழைய கம்ப்ரஸர்களுக்குப் பஞ்சமில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல், மின்னணுத் தொழிற்சாலைகள் காற்றை நம்பியே இயங்கிவருகின்றன. ஒரு ஆலை விரிவடைந்தாலும் மூடினாலும் அதன் கம்ப்ரஸர்கள் வெளியே வரும். ஜப்பானிலிருந்து ‘ரீகண்டிஷன்’ சரக்காக வந்து இறங்குபவை இன்னொரு வகை. டயர் கடை, கார் பட்டறை, தச்சுக்கூடம், ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் இடம் என்று வாங்குவதற்கு ஆளும் உண்டு. சிறு முதலில் தொழில் தொடங்கும் இளைஞர்கள்தான் இதில் அதிகம். அவர்களிடம் ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். மலேசியாவில் மூன்று ஃபேஸ் இணைப்பு 400 வோல்ட். ஜப்பானிய மோட்டார் பெரும்பாலும் 200 வோல்ட். நேராக இணைத்தால் மோட்டார் கருகும். டிரான்ஸ்பார்மர் வேண்டும் அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டும். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகள் பலவற்றில் ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்தான் இருக்கிறது. அங்கே மூன்று ஃபேஸ் கம்ப்ரஸரை மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுபோய் வைத்தால், இணைப்பை மாற்றும் செலவு இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது வகை. தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் இரவு பகலாக ஓடியிருக்கும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம், ஐந்தாண்டில் 43,800. ஸ்க்ரூ தலையின் பேரிங்குகளை மாற்றிப் புதுப்பிக்கும் காலம் பொதுவாக அந்த அளவை ஒட்டித்தான் வருகிறது. ஆலை அதைக் கழித்துக்கட்டிய நேரமும் அதுவாகவே இருக்கக்கூடும். மணி மீட்டர் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றிவிட முடியும் என்பதால், பராமரிப்புப் பதிவேடு இல்லாத ஸ்க்ரூ கம்ப்ரஸரைச் சிறு பட்டறை தொடாமல் இருப்பதே நல்லது. பிஸ்டன் கம்ப்ரஸர் அப்படியில்லை. சுவான், பூமா போன்ற தைவான் தயாரிப்புகளுக்கும், ஹிட்டாச்சி பெபிகானுக்கும் வளையம், வால்வுத் தகடு, கேஸ்கெட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பிஸ்டன் கம்ப்ரஸரைச் சோதிக்க ஒரு கடிகாரம் போதும். 100 லிட்டர் கலனை வெறுமையிலிருந்து 8 பார் அழுத்தத்துக்கு ஏற்ற 800 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று தரும் இயந்திரம் என்றால் நான்கு நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஆறு நிமிடம் பிடித்தால் மூன்றில் ஒரு பங்கு எங்கோ நழுவுகிறது. பலகையில் இருப்பது பிஸ்டன் இழுக்கும் அளவா, உண்மையில் வெளிவரும் காற்றா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் சகஜம். மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ஒரு சீறல் கேட்டு அடங்க வேண்டும். அடங்காமல் தொடர்ந்தால் செக் வால்வு பிடிக்கவில்லை. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. இவையெல்லாம் காசு கொடுத்தால் சரியாகிவிடும் கோளாறுகள்.

கடிகாரச் சோதனையை ஏமாற்றும் ஒரு வழியும் உண்டு. கலனுக்குள் 20 லிட்டர் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றுக்கு மிஞ்சும் இடம் 80 லிட்டர்தான். கலன் சீக்கிரம் நிரம்பும், பம்ப் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஓடவிடுவதற்கு முன்பே அழுத்தம் இல்லாத கலனின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்துவிட வேண்டும். தேநீர் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் இயல்பு. துருச் செதில்கள் உதிர்ந்து வந்தாலோ, வால்வு துருவேறித் திரும்பவே மறுத்தாலோ, இயந்திரத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக் கலனைப் பற்றிப் பேச வேண்டும்.

வாங்குபவர்கள் பம்பின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கலனைத் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் உயிரை வாங்குவது கலன்தான். 100 லிட்டர் கலனில் 8 பாரில் அடைபட்ட காற்று திடீரென விடுபட்டால், ஒரு டன் எடையைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் நொடியில் வெளிவரும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள கலனின் ஒவ்வொரு மூடியும் ஓயாமல் தாங்கிக்கொண்டிருப்பது சுமார் பத்து டன் விசை. அதைப் பிடித்துவைத்திருப்பது சில மில்லிமீட்டர் தகடு மட்டுமே.

அந்தத் தகட்டைத் தின்பது பினாங்கின் காற்று. 30 பாகை வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. அதை 8 பாருக்கு அழுத்திக் குளிரவிட்டால் ஏறக்குறைய 20 கிராம் தண்ணீராகப் பிரிந்து கலனின் அடியில் இறங்கிவிடும். மணிக்கு 15 கன மீட்டர் காற்று தரும் சிறு இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 300 மில்லிலிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றுகிறது. மாலையில் டிரெயின் வால்வைத் திறந்துவிடும் பழக்கம் இல்லாத பட்டறையில், படுத்த வாக்கில் இருக்கும் கலனின் அடி வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறும். துரு அங்கே சீராகப் பரவுவதில்லை. குழி குழியாக இறங்குகிறது. நான்கு மில்லிமீட்டர் தகடு ஒரு குழியில் ஒரு மில்லிமீட்டராக இருக்கும், பக்கத்திலேயே முழுத் தடிமனும் இருக்கும். வெளியே நீலம் பளபளக்கும்.

வெளியிலிருந்து தெரியாத பலவீனம் என்ன செய்யும் என்பதற்கு 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரில் நடந்ததைப்போல வேறு சான்று வேண்டியதில்லை. குரோவர் காலணித் தொழிற்சாலையில் புதிய கொதிகலன் பராமரிப்பில் இருந்ததால், மாற்றாக வைத்திருந்த பழைய கொதிகலனை அன்று ஓட்டினார்கள். அது வெடித்து, கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இணைப்பில், வெளிப்பார்வைக்கு எட்டாத இடத்தில், விரிசல் ஓடியிருந்தது. 1907இல் மாசசூசெட்ஸ் கொதிகலன் சட்டம் இயற்றியது. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் கொதிகலன் விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்று உலகெங்கும் அழுத்தக் கலன்களுக்கு மேற்கோள் காட்டப்படும் விதிகள் அந்தத் தொகுப்பிலிருந்து வளர்ந்தவை. பலகையில் அழுத்தம், தயாரித்த ஆண்டு, வரிசை எண் பொறிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இத்தகைய சாவுகளின் மேல் எழுந்தது. அதன்மேல் நீலம் அடிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மலாயா இதில் பின்தங்கியிருக்கவில்லை. பிராக்டனுக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1892இல், சிலாங்கூரில் கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. ஈயச் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்கள் பெருகிய காலம் அது. சுதந்திரத்துக்குப் பின் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அரை நூற்றாண்டுக்குமேல் இந்த வேலையைச் செய்தது. 2024 ஜூன் 1 அன்று அது நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பட்டறைக்காரர்கள் வாயில் இருப்பது சட்டத்தின் பெயரல்ல, ‘பிஎம்டி’ என்ற மூன்றெழுத்து. ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவில் பதிவான அழுத்தக் கலனுக்கு ஒரு பிஎம்டி எண் இருக்கும். பழைய சட்டத்தின் கீழ் அதன் தகுதிச் சான்றிதழ் 15 மாதம் செல்லுபடியானது. பழைய கம்ப்ரஸர் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிஎம்டி எண் என்ன, கடைசிச் சான்றிதழ் எங்கே என்பதுதான். அந்த எண் இருந்தால், இலாகாவில் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கிறது. விற்பவர் தெரியாது என்று கைவிரித்தால், சான்றிதழ் பெறும் அலைச்சலும் செலவும் வாங்குபவர் தலையில்.

எண் கிடைக்காத கலனைச் சோதிக்க வழிகள் உள்ளன. டிரெயின் துளை வழியே போனில் இணைக்கும் சிறு கேமராவை நுழைத்து உள்ளே பார்க்கலாம். அல்ட்ராசோனிக் கருவியால் அடிப்பகுதி நெடுகப் புள்ளி புள்ளியாகத் தடிமன் அளக்கலாம். கலன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி எதுவும் இல்லாமல், கைப்பம்பால் வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது தண்ணீர்ச் சோதனை; அந்த அமெரிக்க விதித்தொகுப்பின் இன்றைய கணக்கு 1.3 மடங்கு, முன்பு 1.5. தண்ணீர் சுருங்காது என்பதால் கலன் விட்டுக்கொடுத்தாலும் கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. இதையே காற்றில் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தற்கொலை முயற்சி. கலனில் ஒட்டுத் தகடோ, பிற்காலத்து வெல்டிங் தடமோ தெரிந்தால் சோதனையே வேண்டாம். கால்கள் கலனோடு சேரும் இடத்தில் முடிபோல் ஒரு விரிசல் தெரிந்தாலும் அதே முடிவுதான்.

விலை பேசும்போது பம்ப், மோட்டார் இரண்டையும் உதிரிபாக விலைக்குப் போட்டு, கலனுக்கு ஒன்றும் போடாமல் கணக்குப் பார்க்க வேண்டும். அதன்மேல் சான்றிதழுள்ள ஒரு கலனின் விலையைக் கூட்டினால் வருவது புது இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், புதியதே மலிவு. அதற்கு உத்தரவாதமாவது இருக்கும். மொத்தமாகப் பத்து இயந்திரம் என்று தள்ளிவிடும் சரக்கில் பாதியின் பெயர்ப்பலகை மறைந்திருந்தால், விலையைக் குறைத்துக் கேட்பதில் பொருளில்லை.

கழித்த கலனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன், அழுத்தம் முழுவதும் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு, பெரிய துளை ஒன்று போட்டுவிட வேண்டும். துளையில்லாமல் போகும் கலனை இன்னொருவர் எடுத்துப் புது வண்ணம் அடித்து விற்றுவிட முடியும்.