பந்தைக் கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தது யார்?

அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் சியாட்டில் என்று ஒரு நகரம் இருக்கிறது. மழைக்குப் பேர்போன ஊர். அந்த ஊரின் விளையாட்டு அரங்கத்துக்கு வெளியே 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சிலை திறந்து வைக்கப்பட்டது.

சிலை அரசியல் தலைவருக்கு அல்ல. போரில் வென்ற தளபதிக்கும் அல்ல. கூடைப்பந்து ஆடிய ஒரு பெண்ணுக்கு! அவர் பெயர் சூ பேர்டு. அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் ஓர் அணி தன் வீராங்கனைக்குச் சிலை வைத்தது அதுவே முதல் தடவை.

சிலை வைப்பது சுலபம். சம்பளம் கொடுப்பதுதான் கஷ்டம்!

சூ பேர்டு தமது நாட்டுக்காக 5 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்றவர். 2004-ல் ஏதென்ஸ், 2008-ல் பெய்ஜிங், 2012-ல் லண்டன், 2016-ல் ரியோ, கடைசியாக 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். ஐந்து முறை போனார். ஐந்து முறையும் தங்கத்தோடு திரும்பினார். டோக்கியோவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்ற இருவரில் அவரும் ஒருவர்.

இத்தனை பெருமை பெற்றவர், குளிர்காலம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிழைப்புக்காக ரஷியாவுக்குப் புறப்பட்டார். ஏன்? அதைத் தெரிந்துகொள்ளும் முன், அவர் செய்த வேலை என்ன என்று தெரிய வேண்டும்.

பரிமாறும் வேலை

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். மைதானத்தின் நீளம் 94 அடி. இரண்டு கோடியிலும் 10 அடி உயரத்தில் வளையம். பந்தை எதிரியின் வளையத்துக்குள் போட வேண்டும். கையில் பந்து வந்தால் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

இந்த ஐந்து பேரில் ஒருவருக்கு "பாயின்ட் கார்டு" என்று பெயர். அணியின் மூளை அவர்தான். பந்தைத் தட்டிக்கொண்டே முன்னேறுவார். ஒரு கண் பந்தைப் பிடுங்க வருபவர் மேல் இருக்கும். மறு கண் தன் தோழிகள் நால்வர் மேல் இருக்கும். யார் எங்கே ஓடுகிறார், யாரைச் சுற்றி ஆள் இல்லை, யார் எறிந்தால் விழும் என்று ஒரே கணத்தில் கணக்குப் போட்டு, பந்தை அவர் கையில் கொண்டு சேர்ப்பார். அவர் எறிவார். புள்ளி விழும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். பந்தைக் கொடுத்தவர் பேசாமல் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார்.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் போன்ற வேலை இது. சாப்பாடு பிரமாதம் என்று சமையல்காரரைப் புகழ்வார்கள். எந்த இலையில் எது தீர்ந்தது என்று பார்த்துப் பார்த்து ஓடியவரை யார் நினைக்கிறார்கள்?

ஆனாலும் கணக்குப் புத்தகம் நினைக்கிறது. இப்படிக் கொடுத்த பந்து புள்ளியாக மாறினால், அதற்கு "அசிஸ்ட்" என்று பெயர் வைத்து எழுதுகிறார்கள். சூ பேர்டு 2022-ம் ஆண்டு ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் இருந்த அசிஸ்டுகள் 3,234. அந்த லீக் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அத்தனை பேருக்குக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

ஆள் ஒன்றும் பனைமரம் அல்ல. உயரம் 5 அடி 9 அங்குலம். கூடைப்பந்து மைதானத்தில் இது நடுத்தர உயரம்கூட இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் சயோசெட் என்ற ஊரில், 1980-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி பிறந்தார். தந்தை டாக்டர். அக்காள் ஒருத்தி உண்டு. அக்காள் எந்த ஆட்டம் ஆடினாலும் தங்கையும் பின்னாலேயே போனாள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே முழங்காலில் தசைநார் கிழிந்தது. எட்டே ஆட்டங்களோடு அந்த வருடம் முடிந்தது. ஆனால் 2000-ம் ஆண்டிலும் 2002-ம் ஆண்டிலும் அந்தப் பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன் ஆனபோது பந்து இவர் கையில் இருந்தது. 2002-ல் 39 ஆட்டம் ஆடினார்கள். 39-லும் வெற்றி!

அதே ஆண்டு, புது வீராங்கனைகளை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் வாய்ப்பு சியாட்டில் ஸ்டார்ம் அணிக்குக் கிடைத்தது. முதல் பெயராக அவர்கள் சொன்னது சூ பேர்டு. கடைசி வரை வேறு அணிக்கு அவர் போகவே இல்லை.

கோடையில் சியாட்டில், பனியில் மாஸ்கோ

அமெரிக்காவில் பெண்கள் லீக் ஆட்டங்கள் 1997-ல்தான் தொடங்கின. கோடைகாலத்தில் சில மாதங்கள் மட்டும் நடக்கும். முன்னணி வீராங்கனையாக இருந்தாலும், ஒருவருக்கு இதற்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. 2019-ம் ஆண்டில்கூட அந்த வரம்பு ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் டாலர்தான். ஆண்கள் லீக்கில் பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரர் வாங்குவதில் இது சிறு பங்கு.

பட்டினி கிடந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆட்டக்காரரின் ஆயுள் குறைவு. கால் போனால் தொழில் போயிற்று. ஓடும் வயதில் சேர்த்தால்தான் உண்டு. ஆகவே கோடை முடிந்ததும் வெளிநாடு கிளம்பினார்கள். 2004 முதல் 2014 வரை சூ பேர்டின் பெரும்பாலான குளிர்காலங்கள் ரஷியாவில் கழிந்தன. மாஸ்கோவில் டைனமோ அணி, பிறகு ஸ்பார்டக் அணி, பிறகு யூரல் மலைப்பக்கம் எகாடரின்பர்க் அணி. ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன் பட்டம்!

ஸ்பார்டக் அணியின் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச் என்பவர். அமெரிக்க வீராங்கனைகளை ராணிகளைப் போல் நடத்தினார். பெரிய வீடு, காரோட்டி, ஊரில் கிடைக்காத சம்பளம். ஆனால் அந்தச் செல்வம் எந்தக் கிளையில் தொங்கியது? 2009-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, மாஸ்கோ தெருவில் காரில் போய்க்கொண்டிருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

எகாடரின்பர்க் அணியின் பின்னால் இருந்தது செம்பு எடுக்கும் ஒரு பெரிய கம்பெனி. சூ பேர்டின் நெருங்கிய தோழி டயானா டௌராசி. அவரும் அந்த அணியில் ஆடியவர். 2015-ம் ஆண்டு அந்த அணி அவருக்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தது. "கோடையில் அமெரிக்காவில் ஆடாதே. ஓய்வு எடுத்துக்கொள். பணம் நாங்கள் தருகிறோம்!" அவருக்கு ரஷியாவில் கிடைத்தது சுமார் 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவில் ஆடினால் கிடைத்திருக்கக்கூடியது ஒரு லட்சத்துச் சொச்சம். உலகத்தின் தலைசிறந்த வீராங்கனை, தாய்நாட்டில் ஆடாமல் இருக்க வெளிநாட்டில் கூலி வாங்கினார். எந்த நாட்டுக்கும் இது கௌரவம் அல்ல.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வரவில்லை, வருமானம் இல்லை, அப்புறம் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்கள் லீக் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று ஆண்கள் லீக்கின் தலைவர் ஆடம் சில்வர் 2018-ல் சொன்னார்.

ஆனால் ரஷிய முதலாளிகளுக்கு மட்டும் லாபமா வந்தது? இல்லை. பெயருக்காகவும் பெருமைக்காகவும் கொடுத்தார்கள். அமெரிக்க முதலாளிகளிடமோ பணம் இருந்தது, மனம் இல்லை. ஆட்டத்தை நல்ல நேரத்தில் டெலிவிஷனில் காட்டாமல், விளம்பரம் செய்யாமல், கூட்டம் வரவில்லை என்று குறை சொல்வது, விதைக்காமல் விளைச்சல் எங்கே என்று கேட்பதைப் போன்றதுதான்.

சியாட்டில் நகரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊரின் ஆண்கள் அணியான சூப்பர் சானிக்ஸ் 2008-ம் ஆண்டு ஊரைக் காலி செய்துகொண்டு ஓக்லஹோமா நகரத்துக்குப் போய்விட்டது. பெண்கள் அணியும் அதே முதலாளிகளிடம்தான் இருந்தது. அதுவும் போயிருக்கும். உள்ளூர்ப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு கோடி டாலர் கொடுத்து அதை வாங்கினார்கள். ஆண்கள் அணி போயிற்று. பெண்கள் அணி நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2010-ல், சாம்பியன் பட்டத்தையும் ஊருக்குக் கொண்டுவந்தது. 2004-ல் வென்றதற்குப் பிறகு அது இரண்டாவது பட்டம்.

உடைந்த மூக்கு

கோடையும் குளிரும் ஓயாமல் ஓடினால் உடம்பு என்ன ஆகும்? சூ பேர்டின் இடது முழங்கால் பலமுறை அறுவை கண்டது. 2013-ம் ஆண்டு முழுவதும் ஆட முடியவில்லை. அடுத்த ஆண்டோடு ரஷியப் பயணத்தை நிறுத்தினார். குளிர்காலத்தை ஓய்வுக்கும் உடற்பயிற்சிக்கும் ஒதுக்கினார். உணவை மாற்றினார்.

அதன் பலன் 2018-ல் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 37. அரையிறுதியில் எதிர் அணி பீனிக்ஸ். அதில் ஆடியவர் யார்? அதே தோழி டயானா! ஆளுக்கு இரண்டு வெற்றி. நாலாவது ஆட்டத்தில் சூ பேர்டுக்கு மூக்கு உடைந்தது. முதல் தடவை அல்ல. அதற்கு முன்பே நாலு முறை உடைந்த மூக்கு அது! முகமூடி மாட்டிக்கொண்டு கடைசி ஆட்டத்துக்கு வந்தார். கடைசி ஆறு நிமிடத்தில், வாழ்நாள் முழுவதும் மற்றவருக்குக் கொடுத்தவர், தாமே எறிய ஆரம்பித்தார். அந்தச் சில நிமிடத்தில் 14 புள்ளிகள். சியாட்டில் வென்றது. அந்த ஆண்டின் பட்டமும் வந்தது. 2020-ல் நாலாவது பட்டம். அந்த இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மட்டும் 16 அசிஸ்டுகள். நாற்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

ஓய்வு கிடைத்தால் ஒரு வீராங்கனை எவ்வளவு காலம் ஆட முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பத்து வருடத்துக் குளிர்காலங்களும் அப்படிக் கிடைத்திருந்தால்?

வீராங்கனைகளின் சங்கத்தில் அவர் துணைத் தலைவராக இருந்தார். 2020-ல் அந்தச் சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்தில், சம்பள உச்சவரம்பு 2 லட்சத்து 15 ஆயிரம் டாலராக உயர்ந்தது. ஏறத்தாழ இரு மடங்கு.

அந்த உயர்வை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. ஓர் அணி தன் எல்லா வீராங்கனைகளுக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவிடலாம் என்றும் ஒரு வரம்பு இருக்கிறது. 2022-ல், தமது கடைசி ஆண்டில், அவர் 72 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அவரைப் போன்ற மூத்த வீராங்கனைக்கு விதிப்படி ஆகக் குறைந்த சம்பளம் அது. மிச்சப் பணத்தில் மற்ற நல்ல வீராங்கனைகளை அணி வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தார். கணக்குப் புத்தகத்தில் ஏறாத அசிஸ்ட்!

பெருந்தன்மைதான். ஆனால் நாலு பட்டம் வாங்கித் தந்தவர் குறைத்துக்கொண்டால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் என்ற நிலையை யார் உண்டாக்கினார்கள்?

அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் ரஷிய வாசலும் அடைபட்டது. 2022 பிப்ரவரியில், எகாடரின்பர்க் அணிக்கு ஆடப்போன பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்தது என்று குற்றச்சாட்டு. ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை! டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். செய்தது தவறா, தண்டனை அதிகமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரு பெண் பனிக்காலத்தில் அங்கே ஏன் போனார் என்று அன்றுதான் பல அமெரிக்கர்கள் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

அதன் பிறகு காலம் மாறியது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் பெருகியது. ஊர் ஊராகப் போக வீராங்கனைகளுக்குத் தனி விமானம் 2024-ல் வந்தது. 2021-ல் நியூயார்க் அணி முதலாளிகள் தனி விமானம் வைத்துக் கூட்டிப்போனதற்காக 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது இதே லீக்தான்! ஆட்டங்களை ஒளிபரப்ப 11 ஆண்டுக்கு 220 கோடி டாலர் என்று 2024 ஜூலையில் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த அக்டோபரில், 2020-ம் ஆண்டின் சம்பள ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்வதாக வீராங்கனைகள் அறிவித்தார்கள். 2025 ஜூலையில், நட்சத்திர ஆட்டத்துக்கு முன், "எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள்" என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள்.

சியாட்டிலில் சிலை திறந்தது அதற்கு அடுத்த மாதம். சூ பேர்டு அப்போது பழைய வீராங்கனை மட்டும் அல்ல. 2024-ம் ஆண்டிலேயே அவர் சியாட்டில் அணியின் பங்குதாரர் ஆகிவிட்டார். சங்கத்தின் சார்பில் சம்பளம் கேட்டவர், சம்பளம் கொடுக்கிறவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்.