ஐந்து அறை வீட்டை வாங்க ஏன் ஆளில்லை?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பல குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டையே விற்கும் நிலைக்கு வந்துள்ளன. அந்த ஓராண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். கடனை அடைக்கவும், பயணச் செலவுக்கும், வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கவும் வீடுகள் விலைக்கு வருகின்றன. கட்டும்போது பெருமையாக எண்ணிய படுக்கையறைகள், விற்கும்போது அதே கணக்கில் பணமாவதில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிய வருகிறது.

கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் அறைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் திருமணப் பேச்சுத்தான். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார் என்பது வழக்கம். "எத்தனை அறை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே வாப்பாமார் கட்டுகிறார்கள். காணியோ, ஒவ்வொரு மகளுக்கும் பிரித்துக் கொடுத்துச் சுருங்கிவிட்டது. சில சதுர கிலோமீற்றருக்குள் 40,000க்கும் மேற்பட்டோர் வாழும் காத்தான்குடி இதற்குக் கண்கூடான சாட்சி.

கணக்கைப் பாருங்கள். 6 பேர்ச் காணி என்பது சுமார் 1,630 சதுர அடி. விட வேண்டிய திறந்தவெளியை விட்டால், ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 1,000 சதுர அடிதான் மிஞ்சும். அதற்குள் ஹோல், குசினி, குளியலறை, மாடிப்படி எல்லாம் வர வேண்டும். அங்கே நான்கு, ஐந்து அறைகளைத் திணித்தால் ஜன்னல் இல்லாத அறைகளும், நடைபாதையாகிப் போன ஹோலும்தான் கிடைக்கும்.

வாங்க வருபவரின் தேவை வேறு. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்க வேண்டும் என்பது நபிவழி. ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு அறை போதாது. மூன்றாவது அறை அவசியம். எனவே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வாங்குவோர் தொகை கூடுகிறது. நான்காவது அறை கீழ்த்தளத்தில், படியேற முடியாத உம்மா, வாப்பாவுக்கு ஏற்றதாக இருந்தால் அதற்கும் மதிப்புண்டு. அதற்கு மேல் நிலைமை மாறுகிறது. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர் வாகனம் நிறுத்த இடம், முற்றம், அகலமான பாதை ஆகியவற்றையும் எதிர்பார்க்கிறார். நெருக்கமான ஒழுங்கைக்குள் அவை இல்லை. அவர் வேறு இடம் தேடிப் போகிறார்.

வங்கியும் அறைகளை எண்ணுவதில்லை. காணியின் பெறுமதி, கட்டடத்தின் சதுர அடி, அதன் வயது, நிலை ஆகியவற்றையே மதிப்பீட்டாளர் பார்க்கிறார். உறுதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றையும் வங்கி கேட்கும். அனுமதியின்றிப் பின்னால் சேர்த்த ஓர் அறை முழு வீட்டுக்குமான கடனையே தடுத்துவிடலாம். அப்போது கையில் காசு வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அவர் சொல்வதுதான் விலை.

இதில் நஷ்டமடைவது யார்? பெரும்பாலும் அந்த வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. பலருக்கு அதுவே ஒரே சொத்து. கணவர் மௌத்தானாலும், தலாக் ஆனாலும், பிள்ளைகளை ஆளாக்க அவளிடம் இருப்பது அந்த வீடுதான். மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்காக எழுப்பிய சுவர்கள் அவளது கஷ்ட காலத்தில் பாதி விலைக்கும் போகாவிட்டால், நாம் அவளுக்குக் கொடுத்தது பாதுகாப்பல்ல.

மஹர் கொடுக்கும் கடமை ஆணுக்கிருக்க, வீடு கட்டும் சுமை பெண் வீட்டார் மீது விழுவது நியாயமா என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய கேள்வி. அந்த வழக்கம் மாறும் வரையாவது, கட்டுவதைச் சரியாகக் கட்டலாம். வெளிச்சமும் காற்றும் வரும் மூன்று அறைகள், பின்னர் மேல்மாடி எழுப்பத் தாங்கும் அத்திவாரம், அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவை போதும். மிஞ்சும் பணத்தை மகளின் கல்விக்கோ, அவள் பெயரில் ஒரு துண்டுக் காணிக்கோ செலவிடலாம்.

திருமணம் பேசப் போகும் பெரியவர்களும் "எத்தனை அறை?" என்று கேட்பதை நிறுத்தட்டும். கேட்டே ஆக வேண்டுமென்றால், "உறுதி பிள்ளையின் பெயரில் சுத்தமாக இருக்கிறதா?" என்று கேட்கட்டும்.