மரப்பலகையில் ஒரு பூகோளப் பாடம்

துண்டு துண்டாக அறுத்த சித்திரத்தை மீண்டும் பொருத்திப் பார்க்கும் மரப்புதிரைக் கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே செய்வதுதான் சிலாக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம். பணம் மிச்சமாகும் என்பதற்காக அன்று, புதிரைச் சேர்க்கப்போகும் குழந்தையே முன்னதாக அந்தச் சித்திரத்தைத் தீட்டியிருக்கவும் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

1760களில் லண்டன் நகரில் தேசப்படங்களைச் செதுக்கும் தொழில் செய்துவந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், மெல்லிய மகோகனிப் பலகையில் தேசப்படத்தை ஒட்டி, ராஜ்யங்களின் எல்லைகளை அனுசரித்து அறுத்து, சிறுவர்கள் பூகோளம் பயிலும்பொருட்டு விற்றார். அவர் அறுத்த துண்டு ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு தேசம். அதற்குப் பெயர் உண்டு, அண்டை அயல் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் அட்டைப் புதிர்களிலோ, படத்தின் பொருளைச் சிறிதும் கவனியாமலே, துண்டின் மூக்கையும் குழியையும் பார்த்துக் குழந்தை பொருத்திவிட முடிகிறது.

ஆகவே நாமும் நம் ஊர்ப் படத்தை வரைந்து, அதன் நதிகளை அனுசரித்து அறுப்போம். காவிரி முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் வடக்கே ஒதுங்க, இரு நதிகளும் கல்லணையருகே மறுபடி நெருங்கிவருவதற்குள் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தை ஒரே துண்டாக அறுத்தெடுத்துத் திருச்சிக் குழந்தை ஒன்றின் கையில் கொடுத்தால், தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறது என்பதை அது விரல்களாலேயே அறிந்துகொள்ளும். எந்தப் பாடப்புத்தகமும் இத்தனை பிரத்தியட்சமாக இதைச் சொல்லாது.

செய்முறை சிரமமானதன்று. 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, படம் வரைந்து, வர்ணம் நன்றாகக் காய்ந்த பிறகே அறுக்கவேண்டும். அறுத்தபின் பூசினால் ஓரங்கள் தடித்துத் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். வில்போன்ற சட்டத்தில் பூட்டிய மெல்லிய வாளின் பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், சித்திரம் மேல்நோக்கி இருக்கட்டும். சிலாம்பு எழுவது அடிப்பக்கத்தோடு போய்விடும். அறுப்பது பெரியவர் பொறுப்பு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்படியான சிறு துண்டு ஒன்றுகூட வேண்டாம்.

வர்ணத்தில்தான் அதிக ஜாக்கிரதை அவசியம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பரம விரோதி. இவ்வளவுதானே, தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-ல் மத்திய அரசு வகுத்த விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆதலால் பரண்மேல் கிடக்கும் பழைய டப்பாவையும், இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் பூசும் வர்ணத்தையும் அடியோடு விலக்கி, வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் புது டப்பாவின் மேல் ஈயத்தைப் பற்றி அச்சிட்டிருப்பதை வாசித்த பிறகே வாங்குங்கள்.

வருகிற விடுமுறையில் பெற்றோரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் ஊர்ப் படத்தை இவ்விதம் குழந்தைகளைக் கொண்டு பலகையில் தீட்டச் செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்றே அதற்குப் போதும்.