குப்பையைப் பிரிப்பவர் யார்?

மும்பை மாநகரின் தேவ்னார் பகுதியில் 1927ஆம் ஆண்டில் குப்பை கொட்டத் தொடங்கினர். காலப்போக்கில் அது மலையாக உயர்ந்தது. 2016ஆம் ஆண்டு சனவரியில் அம்மலை தீப்பற்றி எரிந்தது. புகை பரவியதால் பள்ளிகள் பல மூடப்பட்டன. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் குவியலின் அடியில் மட்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும்.

தமிழர் பலர் வாழும் தாராவியும் அதே நகரில்தான் உள்ளது. அங்குள்ள தொழிற்கூடங்களில் பழைய நெகிழிப் பொருள்களை நிறம்வாரியாகப் பிரித்து, நொறுக்கி, கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கிக் குருணைகளாக்குகின்றனர். அவை மீண்டும் புதிய பொருள்களாகின்றன.

ஆனால், குழம்பில் ஊறிய செய்தித்தாளைப் பழைய தாள் வாங்குபவர் தொடுவதில்லை. அதன் மதிப்பைக் கெடுத்தது வீட்டிலுள்ள ஒற்றைக் கூடை. ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு தரும் குப்பை எனப் பிரித்தே தருமாறு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டளையிட்டன. நேரமில்லை என்பர் பலர். பால் உறையை அலசிக் காயவைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? இடமில்லை என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஓரறை வீட்டில் மூன்று கூடைகள் வைப்பது எளிதன்று. எனினும், கதவின் பின்னே ஒரு பை தொங்க இடமிருக்கும்.

வீட்டில் பிரிக்காத குப்பையையும் யாரோ பிரிக்கத்தான் செய்கின்றனர். குப்பை பொறுக்கி வாழ்வோர், உடைந்த கண்ணாடியும் பழைய ஊசியும் கலந்த குவியலில், பெரும்பாலும் வெறுங்கையால் அதனைச் செய்கின்றனர்.