கிட்னி போயிடும் சார்!

"இந்த இங்கிலீஷ் மாத்திரையைப் போட்டா கிட்னி போயிடும் சார்." சுகர் வந்த நாள்லேர்ந்து இந்த வசனத்தை நான் கேட்காத இடமில்லை. முடிவெட்டற கடை, பார்க், ரயில், கல்யாணப் பந்தி. சொல்றவங்க மேல எனக்குக் கோபமே கிடையாது மக்களே. கோபமெல்லாம் மாத்திரையை எழுதிக் கொடுத்துட்டு வாயைத் திறக்காத டாக்டர்கள் மேலதான்.

என் பெரியப்பாவுக்கு மெட்ஃபார்மின் எழுதினாங்க. முதல் வாரமே வயித்தால போக ஆரம்பிச்சுது, தினம் நாலஞ்சு தடவை. மனுஷன் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், கூச்ச சுபாவம். இதைப் போய் யார்கிட்ட சொல்வார்? ஒத்துக்கலைன்னு அவரே முடிவு பண்ணி நிறுத்திட்டார். பெரியம்மாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பதிலுக்கு ஏதோ ஒரு சூரணம். ஒன்றரை வருஷம் கழிச்சு, கால்ல ஆறாத புண்ணோட ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சுகர் நானூறைத் தாண்டியிருந்தது. வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க.

"ஆரம்பத்துல வயிறு கலக்கலாம், சாப்பாட்டோட போடுங்க, சில வாரத்துல அடங்கிடும், அடங்கலைன்னா வந்து சொல்லுங்க, மெதுவாக் கரையற மாத்திரை இருக்கு." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

என் கதை கிளிமெபிரைடு. நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. காலையில அதைப் போட்டுட்டு ஒரு முகூர்த்தத்துக்குப் போனேன். பந்தி போடறப்ப மணி பதினொண்ணு. அதுக்குள்ள கை நடுங்குது, சட்டை தொப்பலா நனைஞ்சிடுச்சு, பேச்சு குழறுது. ஹார்ட் அட்டாக்னே நினைச்சேன். பக்கத்து நாற்காலிப் பாட்டிதான் "தம்பி, இது லோ சுகர்"னு சொல்லி, சுருக்குப்பையிலேர்ந்து நாலு மிட்டாயை எடுத்து வாயில போட்டாங்க. பீஸ் வாங்காத பாட்டி!

டாக்டர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் சகஜம்"னார். சகஜம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்? "வெளியில நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க." சரி, கூட்டம் நிஜம்தான். ஒரு துண்டுச் சீட்டுல தமிழ்ல அச்சடிச்சுக் கொடுக்கலாமில்ல? பில்லு மட்டும் பளபளன்னு பிரிண்ட் ஆகி வருதே!

இன்னொரு சாக்கும் உண்டு: பக்கவிளைவைச் சொன்னா ஜனங்க பயந்து மாத்திரையை நிறுத்திடுவாங்களாம். சொல்லாமலேயே நிறுத்திட்டாரே எங்க பெரியப்பா? டாக்டர் சொல்லாததை முடிவெட்டற கடையில வேற மாதிரி சொல்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிட்னி விஷயமும் அப்படித்தான். கிட்னியைக் கெடுக்கறது கட்டுக்கடங்காத சுகரும் பிரஷரும். கிட்னி ரொம்ப பலவீனமானவங்களுக்கு மெட்ஃபார்மினைக் குறைப்பாங்க, இல்லைன்னா நிறுத்துவாங்க. காரணம் சொல்லாம நிறுத்தினா, பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மாத்திரைதான் கிட்னியைத் தின்னுடுச்சுன்னு. (அது இங்கிலீஷும் இல்லை. 1957-ல சுகருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினவர் பிரான்ஸ்காரர் ழான் ஸ்டெர்ன். ஐரோப்பாவுல நாட்டு வைத்தியத்துக்குப் பயன்பட்ட ஒரு செடியில இருந்த பொருளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி இது. சூரணப் பார்ட்டிகள் கவனிக்க!)

நிஜமா கவனிக்க வேண்டிய பக்கவிளைவை மட்டும் எவரும் பேசறதில்லை. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கா எடுத்தா சிலருக்கு உடம்புல பி12 குறையும். பாதம் மரத்துப்போகும், எரியும். சுகரால நரம்பு கெட்டாலும் இதே தொல்லைதான். "உங்களுக்குச் சுகர் இருக்கே, அப்படித்தான் இருக்கும்"னு அனுப்பிடுவாங்க. பி12 குறைவுன்னா ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிபண்ண வழி இருக்கு, அதுவும் சீக்கிரமே கண்டுபிடிச்சா. பிரிட்டன்ல 2022-லேயே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பார்க்கச் சொல்லி டாக்டர்களுக்கு எழுதிடுச்சு.

நான் பதினோரு வருஷமா மெட்ஃபார்மின் போடறேன். ஒரு தடவைகூட யாரும் பி12 டெஸ்ட் எழுதலை. அடுத்த மாசம் செக்கப். எழுதுங்க சார்னு கேட்கப்போறேன். முறைப்பார். முறைக்கட்டும்.